சீட்டுக் குலுக்கிப் பாடிய மூன்று பேர்

எங்கள் பாட்டுச் செட்டு உடைந்த பிறகுதான் என் மச்சான் நன்றாகப் பாடுகிறான் என்று பழவேற்காட்டில் ஊரே சொல்கிறது. சொல்லட்டும். அதை என்னிடமே வந்து சொல்கிறார்கள், அதுதான் விசேஷம். எறால் ஏலம் விடும் இடத்தில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள். ஒருமுறை எழவு வீட்டில், கையில் மாலையோடு நின்றிருந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "இன்னாபா, உன் மச்சான் தனியா போனதும் பிச்சி ஒதர்றானே" என்றார். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டி வைத்தேன்.

டீக்கடைக்காரர் இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார். பாட்டுக்காரனோ மேளக்காரனோ, கூட்டாளிகளை விட்டு வெளியே வந்தால்தான் உருப்படுவான் என்பார். அவரும் ஒரு காலத்தில் இரண்டு கூட்டாளிகளோடு ஓட்டல் நடத்தியவர்தான். விலகி வந்து இந்த டீக்கடையைப் போட்டார். அந்த டீயைக் குடித்த யாரும் அவர் கொள்கையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் மூன்று பேர். மச்சான் என்பது என் மனைவியின் தம்பி, அவனுக்குத்தான் குரல். அடுத்தவர் திருப்பாலைவனத்துக்காரர், நெல் பயிரிடும் குடும்பம். கீபோர்டை யூரியா சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார். மூன்றாவது நான். டோலக் வாசிப்பேன். எனக்குப் பாடவும் வரும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். காதுகுத்து, நிச்சயதார்த்தம், அம்மன் கோயில் கூழ் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். ஏழு வருஷம் இப்படிப் போனது.

யார் எந்தப் பாட்டைப் பாடுவது என்பதில்தான் எங்கள் முட்டாள்தனம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஏரி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறோம். கெட்டிக்காரன் என்பதற்காக ஒருவனுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்காது, சோம்பேறி என்பதற்காக ஒரு நாள் குறையாது. உன் முறையில் ஊர்த் தலைவரே வந்தாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். சண்டை இல்லாமல் இத்தனை பேர் பிழைப்பது இதனால்தான்.

இதையே பாட்டுக்கும் வைத்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, என் எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். யார் கைக்கு எது வருகிறதோ அது அவருக்கு. கீபோர்டுக்காரர் கையில் காதல் பாட்டு வந்தால், ரேஷன் கடையில் பேர் வாசிப்பது மாதிரிப் பாடுவார். எனக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லக் கூடாது. மச்சான் மட்டும் எது வந்தாலும் வாயைத் திறக்காமல் எடுத்துக்கொள்வான். தாலாட்டு வந்தாலும் சரி, குத்துப்பாட்டு வந்தாலும் சரி, அவன் பாடினால் பந்தியில் இருப்பவன் கையைக் கழுவாமல் எழுந்து வந்து நிற்பான்.

காட்டூரில் ஒரு காதுகுத்து. வசதியான விவசாயக் குடும்பம். வேறொரு விசேஷத்தில் மச்சான் பாடியதைக் கேட்டுத்தான் எங்களை அழைத்திருந்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும்போது இன்ன பாட்டைப் பாட வேண்டும், அதையும் அந்தத் தம்பிதான் பாட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் வந்து சொன்னார். அந்தப் பாட்டுச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்து, சீட்டை எடுத்து அவரிடமே காட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா இது?"

"இந்தப் பாட்டு எனக்கு வந்துருக்குதுங்க. முறை மாத்த முடியாதுங்க."

கீபோர்டுக்காரர் என் காதுக்குள், "யோவ், அவங்க உன் மச்சான் பாடணும்னு கேக்குறாங்க. நீ சீட்டைக் காமிச்சிக்கினு நிக்கிற. இது எறா புடிக்கிற எடமா?" என்றார். நெல் போடுகிறவருக்கு எங்கள் நியாயம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு மைக் ஸ்டாண்டை என் பக்கம் இழுத்தேன்.

பாடினேன். டோலக்கும் நானேதான். இரண்டாவது அடிக்கே என் கை வேகமெடுத்துப் பாட்டு ஓட ஆரம்பித்தது, பின்னாலேயே நானும் ஓடினேன். மேல் ஸ்தாயியில் குரல் இரண்டாகப் பிளந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, காது குத்துகிறவர் கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வீறிட்டு அழுதது. பாதிப் பாட்டில் கீபோர்டு சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் வயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கீபோர்டை யூரியா சாக்கில் நுழைத்தார், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

மச்சான் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. மறுவாரம் ஒத்திகைக்கு வரவில்லை, அதற்கு மறுவாரமும் வரவில்லை. செட்டு உடைந்தது இப்படித்தான்.

கீபோர்டுக்காரர் இப்போது பொன்னேரியில் ஒரு பெரிய செட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார். மச்சான் படகில் உட்கார்ந்து தனியாகப் பாடிப் போனில் வீடியோ எடுத்து நெட்டில் ஏற்றினான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே போகிறார்களாம். நானும் ஏற்றினேன். மொத்தம் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள், அதில் பாதி நானே.

அவன் பாட்டு ஒவ்வொன்றையும் நடு ஏரியில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன், ஒளிப்பானேன். எக்கோ போட்டிருக்கிறான், மூச்சு வாங்குகிறான், மூக்கால் பாடுகிறான் என்று வீட்டில் வந்து சொல்வேன். என் மனைவி நண்டை உடைத்துக்கொண்டே, "அவன் கலீஜா பாடுனா நீ இன்னாத்துக்கு டெய்லி கேக்குற?" என்பாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏழு வருஷமாக அவனைக் கெடுத்து வைத்திருந்தது நான்தானா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

போன தை மாதம் நாங்கள் புதுப் படகு ஒன்றைத் தண்ணீரில் இறக்கினோம். புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு, வேறு ஒருவர் ஓட்டிய ஃபைபர் படகுதான், பெயின்ட் அடித்திருந்தோம். காலையில் கரையில் பொங்கல் வைத்து, சூடம் காட்டி, ஊர் ஆட்கள் தள்ளுவதற்கு நின்றார்கள். அக்கா வீட்டு விசேஷம், மச்சான் வராமல் இருக்க முடியாது. அவன் வந்தது போதாதென்று, அவனைப் பாடச் சொல்லி என் மனைவி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். டோலக்கையும் பரணிலிருந்து எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மைக் இல்லை, கீபோர்டு இல்லை. அவன் படகின் முன்முனையில், அணியத்தில் கை வைத்து நின்று ஆரம்பித்தான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லிப் பாடினான். போனில் கேட்ட குரலே இல்லை இது. எனக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டு அடி போனதும் டோலக்கை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். தட்டிய உடனே பாட்டு ஓடியது. அவன் வார்த்தைகளை விழுங்கினான், கழுத்து நரம்பு புடைத்தது, அடிக்கு அடி மூச்சுக்குத் தவித்தான். அதே பழைய மச்சான், ஏழு வருஷமாக எனக்குத் தெரிந்த அதே குரல். என் கை தானாக நின்றது. நாலு மூச்சு விடும் நேரத்தில் பாட்டு மறுபடி நிதானமாக நடக்க ஆரம்பித்தது. கரையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

படகைத் தள்ளி முடித்து எல்லாரும் பொங்கல் தின்னப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் இருவரும் படகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேட்டுவிட்டேன்.

"நான்தான் உன்னை ஓட வெச்சிக்கினு இருந்தேனாடா?"

இல்லை மாமா என்று ஒரு பேச்சுக்காவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "ஆமா மாமா" என்றான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மொத கச்சேரிலயே."

எனக்குக் கோபம் வந்தது. "ஏழு வருஷம்டா! வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு?"

அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "சொன்னா நீ கொட்டுறத வுட்டுடுவ. தனியா நின்னு பாட எனுக்கு பயம் மாமா. நீ பக்கத்துல கொட்டிக்கினு இருந்தா யாரும் என்னையே பாத்துக்கினு இருக்க மாட்டாங்க, அந்த தைரியத்துலதான் பாடுனேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப பயம் போச்சா?"

"எங்க போச்சி? வர்ற ஞாயித்துக்கெழம பொன்னேரில கல்யாணம், இப்பவே தூக்கம் வர்ல. நீ வா மாமா. முன்னாடி சேர்ல ஒக்காரு. கையில ஒண்ணும் எடுத்துக்கினு வராத."

போனேன். முதல் வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தேன்.