வாக்குத்தத்த அட்டைகள் மாற்றித் தரப்படும்

வேதாகமக் கடையில் வேலை என்றால், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களே, மருந்துக்கடையில் டாக்டர் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களே, உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கடையில் சரக்கு சரியில்லை என்றால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். என் கடையில் சரக்கு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அந்தக் குறை மோசேயைச் சேரும், இல்லையென்றால் எரேமியாவைச் சேரும். அவர்கள் இரண்டு பேரும் வந்து பதில் சொல்லப்போவதில்லை. நான்தான் சொல்லவேண்டும்.

ஐயர் வந்தார்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆலய வளாகத்தில், ரோட்டைப் பார்த்த ஒற்றை அறைதான் கடை. ஆலயத்துக்குச் சொந்தமானது. விற்பவளும் கூட்டுகிறவளும் பூட்டுகிறவளும் நான் ஒருத்தியே. குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். போன வருடம் வந்த ஐயர் சின்ன வயது. தங்கமான பிள்ளை, சபையில் யாருக்காவது மூச்சு முட்டினால் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஆனால் பழைய ஏற்பாடு என்றால் மட்டும் பாகற்காயைக் கடித்த முகம். இயேசு வந்த பிறகு அதற்கு வேலை முடிந்துவிட்டது என்பது அவருடைய கட்சி.

கடைக்குள் வந்து அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் செல்போனில் வேதம் வாசிக்கிறார்கள், இந்த அறையை வாலிபர் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறது, புத்தாண்டு விற்பனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிற ஆசையும் இல்லை. புத்தாண்டு விற்பனை என்றால் எங்களுக்கு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைதான். அதற்கும் சேர்த்துக் குண்டு போட்டார். இந்த வருடம் அட்டைகளில் புதிய ஏற்பாட்டு வசனங்கள் மட்டுந்தான் இருக்கவேண்டுமாம், வசனங்களைத் தானே பொறுக்கித் தருவாராம். ஏன் ஐயா என்றேன். "அக்கா, பழைய ஏற்பாடு யூதருக்கு எழுதுன கடிதம். அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கது நல்ல பழக்கமா?"

கனம் குறைந்த வேதம்

இதையே அவர் ஆலயத்திலும் பிரசங்கம் பண்ண, அது சபையில் வேலை செய்ய ஆரம்பித்தது. தச்சநல்லூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கை மணிக்கட்டில் வலி என்று புதிய ஏற்பாடு மட்டும் கேட்டார். முக்கால் புத்தகம் மற்றவர்கள் கதை, அதை எதற்குச் சுமக்கவேண்டும் என்றார். கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சங்கீதம் எங்க?" என்றார். தாவீதின் பாட்டுகள், அதுவும் பழைய ஏற்பாடுதான். சங்கீதம் சேர்த்த பதிப்பைக் கொடுத்தேன். "நீதிமொழிகள்?" அது சேர்த்ததையும் கொடுத்தேன்.

பிறகு ஆரம்பித்தது வம்பு. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல யோனாவும் மீனும் வேண்டும். சிங்கக் கெபியில் தானியேல் வேண்டும். தாவீது கல் எறியாமல் எப்படி? யோசேப்பை விட முடியுமா? தம் மனைவி பெயர் ரூத், அதே பெயருள்ள புத்தகத்தை விட்டால் இரவுச் சாப்பாடு கிடைக்காது. நான் முழு வேதாகமத்தை எடுத்து முன்னால் வைத்தேன். தூக்கிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அட்டையைத் தட்டிக்கொடுத்தார். "சரிம்மா, லேவியராகமத்தை மட்டுமாவது கழட்டித் தாங்க, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

மீனும் மோசேயும்

மோசேயின் சட்டப் புத்தகமான அந்த லேவியராகமத்தைத் தேடிக்கொண்டே ஒருத்தி வந்தாள். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், கணவனுக்குச் சொந்தப் படகு. மகளுக்குப் பங்குக் கோயிலில் வேதாகம வினாடி வினாவாம், பெரிய எழுத்து வேதாகமம் வேண்டும் என்றாள். கேட்கப்போகிற அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். கவுண்டரில் முழங்கையை ஊன்றி வாசித்தாள். செதிலும் துடுப்பும் இல்லாத நீர்ப்பிராணி எதையும் தின்னக்கூடாது என்ற இடம் வந்ததும் விரல் நின்றது.

"அப்ப எறா?" என்றாள். கூடாது என்றேன். நண்டு? கூடாது. கணவாய்? திருக்கை? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். இயேசு வந்த பிறகு நமக்கு அந்தச் சட்டம் இல்லை என்று ஆறுதலும் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. தன் வீட்டுக்காரர் தொழிலையே ஒருவர் அருவருப்பு என்று எழுதிவைத்துவிட்டாரே என்கிற வருத்தம். ஆனாலும் புத்தகத்தைப் பையில் பத்திரமாக வைத்தாள். "மோசே பாவம், வனாந்தரத்துலயே சுத்துன மனுசன். எங்கூருக்கு வந்து ஒரு வாய் எறா தொக்கு தின்னுருந்தாருன்னா இந்த அதிகாரத்தையே வேற மாதிரி எழுதியிருப்பாரு."

வீட்டுக்குப் பெயர்

ஐயர் கட்சியில் ஐயரைவிடத் தீவிரமாக இருந்தவர் ஒருவர், புதுவீட்டுக்குப் பெயர்ப்பலகை வாங்க மனைவியோடு வந்தார். பழைய ஏற்பாட்டுப் பெயரே கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் கடைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்: எபெனேசர், பெத்தேல், யெகோவாயீரே, எல்ஷடாய். அத்தனையும் பழசு. பாளையங்கோட்டையில் நாலு தெரு நடந்தால் பாதி இஸ்ரவேலைப் பார்த்துவிடலாம்.

உள்ளே தேடிப் புதிய ஏற்பாட்டுப் பெயர்களாகக் கொண்டுவந்தேன். கிடைத்தது கெத்செமனேயும் கல்வாரியும். இயேசு கதறி ஜெபித்த தோட்டம் ஒன்று, சிலுவையில் அறையப்பட்ட மலை ஒன்று. அவர் தயங்காமல் கல்வாரியை எடுத்தார். அதுவரை பலகையின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், இதுவரை கர்த்தர் உதவினார் என்று அர்த்தமுள்ள எபெனேசரைப் பைய என் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டையும் போடுங்க. முன்வாசல்ல இவிய கல்வாரி இருக்கட்டும், அடுக்களை வாசல்ல எனக்கு எபெனேசர். நான் பொழங்குத பக்கம் நல்ல பேரா இருக்கணும்லா?"

அச்சாபீஸ் பாய்

டிசம்பரில் ஐயர் தாம் பொறுக்கிய வசனங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில்கூட ஆசீர்வாதம் இல்லை, அத்தனையும் துன்பமும் தியாகமும். வாக்குத்தத்தம் என்றால் சுகமும் செல்வமும் மட்டுமா, சிலுவையும் உண்டு என்று ஜனங்கள் கற்றுக்கொள்ளட்டும் என்றார். எங்கள் ஜனங்கள் அட்டையை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வருடப்பிறப்பு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமும் முன்னால் போய்ப் பைக்குள் கைவிட்டு ஒரு அட்டை எடுக்கும். வந்த வசனம் அந்தக் குடும்பத்துக்குக் கடவுள் அந்த வருடத்துக்கென்று சொன்ன வாக்கு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள், துபாயில் இருக்கிற மகனுக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆற்றங்கரையில் நட்ட மரத்தைப் பற்றிய சங்கீதம் வந்தால், தாமிரபரணியையே தங்கள் பெயருக்கு எழுதி வாங்கியது போல நடப்பார்கள்.

இதை ஐயரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மேலப்பாளையத்தில் வழக்கமாக எங்களுக்கு அடித்துக் கொடுக்கிற பாயிடம் கொண்டுபோனேன். வருடாவருடம் அடித்து அவருக்கு எங்கள் வசனங்களில் பாதி மனப்பாடம். மேலிருந்து கீழ்வரை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "யக்கா, இப்ராஹிம் நபி, மூசா நபி, தாவூது நபி ஒருத்தரையும் காணமே. ஒங்களுக்கு வேண்டாம்னா சொல்லிருங்க, அவிய எங்ககிட்டயும் இருக்காவ, மொத்தமா நாங்களே வச்சிக்கிடுதோம்."

ஜனவரிக் கூட்டம்

புத்தாண்டு முடிந்து கடையைத் திறக்கப் போனால், பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் ஆள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசவே நேரமில்லை. எல்லோர் கையிலும் அட்டை, எல்லோர் முகத்திலும் இழவு. புதிதாக மருமகள் எடுத்த வீட்டில், ஒருவனுக்குப் பகைவர் அவன் வீட்டாரே என்ற வசனம் விழுந்திருக்கிறது. அதை மாமியார் முன்னால் உரக்க வாசித்தவள் அந்த மருமகளே. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்பது, சொத்து வழக்கில் அடுத்த வாரம் வாய்தா இருக்கிறவருக்கு. மாற்றிக் கொடு என்கிறார்கள். கடவுள் கொடுத்ததை நான் எப்படி மாற்றுவது?

ஆனால் அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு சட்டம் பேச என்னால் முடியவில்லை. போன வருடம் மீந்த பழைய ஏற்பாட்டு அட்டைகள் ஒரு பெட்டி உள்ளே கிடந்தது. பைக்குள் போட்டுக் கவுண்டரில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எடுங்கள் என்றேன். ஏசாயாவும் எரேமியாவும் சூடாகப் போனார்கள். வந்தவர்கள் கையோடு ஆளுக்கொரு வேதாகமமும் காலண்டரும் வாங்கிப் போனதால் விற்பனையும் அமோகம். கடைசியாக வந்தவர் நிலத்தரகர். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று அவருக்கு வந்திருந்தது. "விக்கதுக்கு நான் தயாரா இருக்கேன்க்கா, வருசம் ரெண்டாகுது, வாங்கதுக்கு ஆள் வரணும்லா?"

ஐயர் மறுபடி வந்தார்

அந்த வாரக் கடைசியில், மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ஐயர் வந்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பெட்டி காலி, பை மட்டும் கவுண்டரில் கிடக்கிறது. அறையைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று பையை அவசரமாகச் சுருட்டினேன். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். நரிக்குக் குழியும் பறவைக்குக் கூடும் உண்டு, மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்கிற வசனம். அவர் மனைவி, எங்கள் ஐயரம்மாவின் கையில் வந்தது.

ஐயரம்மாவுக்கு அது நிறைமாதம், தலைப்பிள்ளை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, மறுநாள் காலை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்குத் தலை வைக்க இடமில்லை என்று கடவுளே சொல்லிவிட்டார் என்று அந்தப் பெண் அழுதுகொண்டே கிடக்கிறாளாம். ஐயர் அந்த வசனத்தின் பின்னணியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 'எனக்கு விளக்கம் வேண்டாம், வேற வசனம் கொண்டு வாங்க' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை நான் அவரை மனசுக்குள் கேலி செய்துகொண்டிருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது.

கொடுக்க ஓர் அட்டைகூட மிச்சமில்லை. அலமாரியிலிருந்து பெரிய எழுத்து வேதாகமத்தை இறக்கினேன். கர்ப்பத்தில் குழந்தையை உருவாக்குகிறவரே தாயின் வயிற்றுக்குள் அதைக் காக்கிறார் என்று தாவீது பாடிய சங்கீதம் இருக்கிறதே, அதை எடுத்து முன்னால் வைத்தேன். நின்றபடியே வாசித்தார். கொஞ்சம் கழித்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, நரி அட்டையின் பின்பக்கத்தில் அந்த வரிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல மணி மணியாக எழுதினார். மை காயும்வரை ஊதினார். வாசல்படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, அடுத்த வருசத்துக்குத் தாவீதையும் சேத்து அடிச்சிருங்க. வாலிபர் கூட்டத்துக்கு நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது, கடையும் திறந்திருக்கிறது. பழைய ஏற்பாடு இந்தக் காலத்துக்குத் தேவையா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வீட்டில் எல்லோரும் சுகந்தானே என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.