கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் பதினொரு நிமிடம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்த பஸ் எங்கே போகிறது என்று என்னால் சொல்ல முடியும். நுவரெலியா பஸ்ஸின் கொண்டக்டர் ஊர்ப் பெயரை இழுத்து இழுத்துக் கூவுவார். ஹட்டன்காரர் அதையே துண்டு துண்டாக வெட்டிப் போடுவார். குண்டசாலைப் பக்கம் போகிறவர்கள் கூவுவதே இல்லை. ஆட்கள் தாமாக வந்து ஏறுவார்கள் என்ற நம்பிக்கை. இதைத் தெரிந்துகொள்ளும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் முடித்து, ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத் தாவி, குண்டசாலையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், உள்ளங்கை அளவில் ஒரு ரெக்கோடரை வாங்கினேன். அன்றிலிருந்து காது சும்மா இருக்கவில்லை.

என் திட்டம் இதுதான். ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கும் ஒருவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினால், கண்டியில் பஸ் ஏறிப் புசல்லாவையில் இறங்க வேண்டும். படம் இல்லை, விளக்கம் இல்லை, பின்னணி இசை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தைப் பதினொரு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம்.

பேராதனைப் பாலத்தில் சக்கரச் சத்தம் சட்டென்று வெறுமையாகும். கம்பளையில் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக இறங்கியதும் பஸ் ஒரு பெருமூச்சு விடும். அதற்குப் பிறகு ஏற்றம். கியர் இறங்க இறங்க இன்ஜின் முனகல் தடிக்கும், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கும், மழை வந்தால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தப்படும். நான்கு தடவை போய் வந்து பதிவு செய்தேன். எல்லாம் துல்லியமாக இருந்தது. கேட்டால் தூக்கம் வந்தது.

ஐந்தாவது தடவை, ஒரு புதன்கிழமை பின்னேரம், அக்கா அதே பஸ்ஸில் ஏறினாள். என் பெரியம்மாவின் மகள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னா புள்ள, ஜன்னல்ல என்னத்தக் கட்டி வச்சிருக்க?"

"ரெக்கோடர்க்கா. சத்தம் புடிக்குது. இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"பஸ்ஸு சத்தத்தயா? இதுக்கா ஒன்னய அம்புட்டுத் தூரம் படிக்க வச்சாங்க?"

"நீங்க பேசினா அதுவும் விழும்."

"விழுந்தா விழட்டும். பேரப் போடாத, போட்டோ போடாத. அது போதும்."

அப்புறம் பேசினாள். கண்டியில் ஒரு துணிக்கடையில் பத்து நாள் வேலை செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், இன்றைக்கு ஆறாவது நாள், விடியுமுன் பஸ் ஏறி இருட்டும்போது வீடு சேர்கிறாள். "தோட்டத்துல காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்," என்றாள். "இந்த மாதிரி ஒரு நல்ல காய்ச்சல் எனக்கு வந்ததே இல்ல புள்ள." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்த நேரம் பஸ் நின்றது. கொண்டக்டர், "கொஞ்சம் பொறுங்க, மண்ணு விழுந்த எடம், ஒரு பக்கந்தான் விடுறான்," என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். இன்ஜின் அடங்கியிருந்ததால் அவள் சிரிப்பு அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது.

அவளுக்கு அந்தப் பத்து நாள் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தோட்டத்தில் வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போனால்தான் லயத்துக் காம்பரா, தோட்டம் கொடுக்கும் அந்த வரிசை வீட்டு அறை, கையில் நிற்கும். பெரியம்மாவின் முழங்கால் போன பிறகு அந்த ஒற்றைக் காம்பரா அக்காவின் பெயரால்தான் நிற்கிறது. அதில் அவள், அவள் மகள், பெரியம்மா மூன்று பேர். கடை வேலை உறுதியானால் கண்டிப் பக்கம் ஓர் அறை பார்த்து, மூன்று பேரும் இடம் மாறிய பிறகு தோட்டத்தில் சொல்லிக்கொண்டு விலகலாம். அதற்கு முன்னால் தெரியவந்தால் வேலையும் போகும், காம்பராவும் போகும்.

எல்லாம் தெரிந்துதான் அன்றைக்கே வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். கடை என்ற சொல்லை எடுத்தேன். பத்து நாள் என்பதை எடுத்தேன். காய்ச்சல் வாக்கியத்தையும் எடுத்துவிட்டுக் கேட்டேன். சிரிப்பு எங்கிருந்தோ வந்து விழுந்தது போல இருந்தது. திரும்பப் போட்டேன். பெயர் இல்லை, படம் இல்லை, கேட்டது கேட்டபடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பதினொரு நிமிடமும் வெறும் இன்ஜின்தான்.

வியாழக்கிழமை மாலை இணையத்தில் போட்டேன். முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். குளிர் நாடு ஒன்றில் இருக்கும் ஒருவர், கம்பளை தாண்டியதும் தன் காது அடைத்துக்கொண்டது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா தோட்டத்திலிருந்து அழைத்தார்.

"நீ என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

"என்னம்மா?"

"பெரட்டுல யாரோ போன்ல சத்தமாப் போட்டுட்டாங்களாம். அக்கா கொரலுன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. கங்காணியும் அங்கதான் நின்னாராம்."

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். நாற்பது பேராவது நின்றிருப்பார்கள்.

நான் படித்துக் கிழித்தது எதிலும் இல்லாத ஒரு விஷயம் அங்கே உண்டு. எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்து நிரையில் பறிக்கிறவளின் கூடைகூடத் தெரியாது. கங்காணி கீழே பாதையில் நின்று நிரை நிரையாகக் கூப்பிடுவார். ஒவ்வொருத்தியும் ஒரு "ஓ" போடுவாள். முகம் பார்க்காமல், பெயர் கேட்காமல், அந்த ஒற்றைச் சத்தத்தை வைத்து யார் நிற்கிறார், யார் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் நடுவில், பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாகும் என்று நினைத்தேன். போட்டோவைப் போட்டுவிட்டுக் குரலை எடுத்திருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது.

பதிவை உடனே அழித்தேன். அது அதற்குள் எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ.

சனிக்கிழமை காலை லயத்துக்குப் போனேன். அக்கா கடைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து மகளின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும், "மொதல்ல கங்காணியப் பாத்துட்டு வா. எங்கிட்ட அழுது என்னா ஆகப்போவுது?" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். அந்தப் பதிவு இப்போது எடுத்ததல்ல, போன வருஷத்துப் பழைய பயணம் என்று சொல்லிவிடலாம். போன வருஷக் காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும்?

கங்காணி தன் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அதயும் நான் யோசிச்சுப் பாத்தேன் புள்ள," என்றார். "ஆனா நீ எடுத்ததுல கொண்டக்டர் மண்ணு விழுந்த எடம்னு சொல்றாரே. மண்ணு விழுந்து இன்னும் ஒரு மாசம் ஆகல."

அவர் பாதைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒங்க அக்கா எங்க போறான்னு எனக்குத் தெரியும். குறுக்குப் பாதையில எறங்குறப்ப ரெண்டு தரம் பாத்தேன். பாக்காத மாதிரிதான் இருந்தேன். லயத்துல எல்லாரும் அப்படித்தான். இப்ப நாப்பது பேரு முன்னால என் காதுல விழுந்துருச்சு. நான் கேக்கலன்னு சொன்னா, நாளைக்கு ஆபீஸ்ல எனக்கே கேள்வி."

"இப்ப என்ன செய்யலாம் மாமா?"

"திங்கக்கிழம பெரட்டுக்கு வரச் சொல்லு. ஏதோ ஒறவுக்காரங்க கடையில ஒத்தாசைக்குப் போனான்னு நான் சமாளிக்கிறேன். வரலன்னா பேரு வெட்டிருவாங்க. அப்புறம் அந்தக் காம்பரா என் கையில இல்ல." பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "நல்ல புள்ள அது. போயிருக்க வேண்டியவதான்."

திரும்பி வந்து சொன்னேன். அக்கா சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். கடையில் இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை முடித்தாலும் வேலை நிச்சயமில்லை. கிடைத்தாலும் இந்த மாதத்துக்குள் கண்டியில் மூன்று பேருக்கு அறை நிச்சயமில்லை. குண்டசாலையில் என் அறைக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்றேன். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை அது. உள்ளே இருந்த பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"கடைக்குப் போன் பண்ணு," என்றாள் அக்கா. "அந்தம்மாவுக்குத் தமிழ் வராது. நேர்ல சிரிச்சு சமாளிச்சுருவேன். போன்ல எனக்கு அம்புட்டு சிங்களம் வராது. நீயே சொல்லிரு."

நான் அழைத்தேன். அக்கா இனி வரமாட்டாள் என்று என் வாயால் சொன்னேன். அந்தப் பெண் ஏன் என்று கேட்டார். வீட்டுச் சூழ்நிலை என்றேன். அவளுக்குத் துணி மடிப்பது கை வந்திருக்கிறது, வேண்டுமானால் அடுத்த வாரம் வந்தாலும் பரவாயில்லை என்றார். போனைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னேன். அவள் மகளின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இல்லை என்றேன். அப்படியானால் கடையில் கட்டிக்கொள்ளக் கொடுத்த சீருடைச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார் அவர்.

சேலையை அவள் அதற்கு முன்பே துவைத்து, மடித்து, பையில் போட்டு வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, அக்கா பெரட்டில் நின்றிருக்கும் நேரத்தில், நான் கண்டியில் அந்தக் கடைக்குள் போனேன். காசாளர் மேசையிலிருந்த பெண் சேலையை விரித்து, கறை இருக்கிறதா என்று ஓரத்தையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே யாரையோ கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி வந்து அதை வாங்கித் தோளில் போட்டு, நீளம் சரியாக வருகிறதா என்று குனிந்து பார்த்தாள்.