டாக்டர் கேட்ட ‘ஃபீல்’

மாலை நாலேகால் மணி. முனைக்கடைக்குப் போய்வந்த என் மகள் உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒற்றைக் கட்டைச் செருப்புதான் இருந்தது. மற்றது கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், தூரத்தில் கழன்று கிடந்தது. “இன்னொண்ணு எங்கம்மா?” என்றேன். “ரெண்டையும் போட்டுக்கிட்டுதாம்பா வந்தேன்” என்றாள். அவள் இடது பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில் குத்தியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா அப்போது நாகப்பட்டினத்தில், படுத்த படுக்கையாயிருந்த தன் தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்தாள். போய் மாதங்கள் ஆகியிருந்தன. மரத்துப்போன கால் என்றால் பினாங்கில் எல்லோருக்கும் ஜெரெஜாக் தீவுதான் நினைவுக்கு வரும். தொழுநோய் என்று தெரிந்தால் பிள்ளை என்றும் பாராமல் அங்கே படகேற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் நான் கூட்டிப்போய்க் காட்டிய வெள்ளைக்கார டாக்டர் அவள் கண்ணை மூடச் சொன்னார். காலில் ஊசியால் குத்தினார், இறகால் தடவினார், வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: “டூ யூ ஃபீல் இட்?” அலுவலகக் கடிதங்களில் ‘கருதுகிறோம்’ என்ற பொருளில் நான் எழுதும் சொல் அந்த ‘ஃபீல்’. ‘ஐ ஃபீல் ஹேப்பி’ என்று மகள் பாடத்தில் படித்த சொல். அவள் அம்மா இருந்திருந்தால் குத்துதா, கூசுதா, சுடுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பாள். மகள் எல்லாவற்றுக்கும் “யெஸ், சார்” என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் கேட்டாள்: “அப்பா, டாக்டர் எப்பதான் என் காலைத் தொடுவாரு?”

“பின்னே ஏம்மா யெஸ் யெஸ்னு சொன்னே?”

“பெரியவங்க கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.”

ரிக்‌ஷாவைத் திருப்பச் சொன்னேன்.

டாக்டர் மறுபடி பார்த்தார். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மனைவி இருந்தவரை புழுங்கலரிசி. அவள் போனபின் மகளுக்கு, அடுத்த வீட்டுச் சீனப் பிள்ளைகள் சாப்பிடும், தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசிதான் பிடித்தது. எனக்கும் வடிக்கச் சுலபம். “தொழுநோய் இல்லை, பெரிபெரி. தீட்டிய அரிசியில் சத்து இல்லாததால் வருவது. பழைய அரிசிக்குத் திரும்புங்கள்” என்றார். உணர்ச்சி திரும்புமா என்றேன். “ஐ ஃபீல் இட் வில்” என்றார். நிச்சயம் கேட்ட எனக்கு அந்தச் சொல்லைத்தான் கொடுத்தார்.

அதன்பின் தினமும் அவள் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். எனக்கும் “ஆமாம்ப்பா” என்றே சொன்னாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நம்ப முடியவில்லை. மனைவியை வரச்சொல்லி எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. அவள் இல்லாத வீட்டில் என் மனசு பட்டதையும் எழுதவில்லை. தமிழில் எழுத வெட்கம்.

இப்போது என் மனைவி உயிரோடு இல்லை. மகள் வளர்ந்துவிட்டாள். ஆனாலும் மகள் வெளியே போய்வந்தால், வாசலில் கட்டை கழலும் சத்தம் இரண்டுமுறை கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. அந்தச் சத்தத்தோடு, மனைவி திரும்பி வந்த அன்று படகுத்துறையில் நின்ற காலைநேரமும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

கப்பலில் வந்தவர்களை அதே ஜெரெஜாக்கின் இன்னொரு பக்கத்தில் நிறுத்திவைத்துப் பரிசோதித்துத்தான் அனுப்புவார்கள். அங்கிருந்து வந்த படகில் மனைவி நின்றாள். மகள் ஓடினாள். இடது கால் செருப்பு கழன்றது. இரண்டடி போனவள் சட்டென்று நின்றாள், திரும்பி வந்தாள், குனிந்து பார்க்காமலே காலை அதில் நுழைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

“என்னங்க இது! கட்டைதானே கழண்டுச்சு? அதுக்கா இப்படி அழறீங்க?”