கொழுக்கட்டை மாவுப் பிள்ளையாரும் கேசரி பஸ்ஸும்

என் கைக்கு உருவம் வரும், ருசி வராது. அடுப்படியில் நிற்கும்போதே மனம் எங்காவது கிளம்பிப் போய்விடும். அது திரும்பி வருவதற்குள் உப்பை இரண்டு தடவை போட்டிருப்பேன், இல்லையென்றால் போடவே மறந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் குடியிருந்தோம். எங்கள் பகுதி மாதர் சங்கம் வருடா வருடம் கல்யாண மண்டபத்தில் உணவுச் சிற்பப் போட்டி நடத்தும். தின்னக்கூடியதை வைத்து எதையாவது செய்ய வேண்டும். நடுவர் அதைக் கரண்டியால் வெட்டித் தின்று பார்த்துத்தான் மார்க் போடுவார். அழகுக்குப் பாதி, ருசிக்குப் பாதி. என்னை மனதில் வைத்தே யாரோ எழுதிய விதி.

முதல் வருடம் உருளைக்கிழங்கு மசியலில் நந்தி செய்தேன். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நடுவரம்மா நந்தியின் காதை வாயில் போட்டார், எழுந்தார், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினார். மண்டபமே சிரித்தது. அடுத்த வீட்டு அக்கா ஒரு டீச்சர், வரதராசன்பேட்டையில் பிறந்த கிறிஸ்தவர். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"எங்க அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்துல கடல் இருந்துச்சாம். இவங்க வூட்டு அடுப்படியில இன்னும் வத்தல போலருக்கு."

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஆனால் தெரு பேசியது. காய்காரர்கூட, "கடலம்மா, சின்ன வெங்காயம் வேணுமா?" என்று வாசலில் குரல் கொடுப்பார். அடுத்த போட்டியிலும் அந்தச் சிரிப்பைக் கேட்க நேர்ந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று நிஜமாகவே நினைத்தேன்.

மறு வருடம், போட்டி அன்று காலையில் கொழுக்கட்டை மாவு கிளறிப் பிள்ளையார் பிடித்தேன். காது மடலைத் தட்டித் தட்டி மெலிதாக்கும்போது வீடும் தெருவும் எங்கோ விலகிப் போயின. மாவின் ஆவியும் சன்னல் வெயிலும் ஒன்றாகக் கலந்து, நான் அதற்குள் மிதந்துகொண்டிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு.

மண்டபத்தில் என் பக்கத்து மேஜை அக்காவுக்கு. ரவா கேசரியில் ஒரு டவுன் பஸ். உளுந்து வடைச் சக்கரம், உள்ளே பயணிகளாக ஜெயங்கொண்டத்து முந்திரி. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "கூட்டம் ஜாஸ்தி, அதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ருசியில் அவரை அடிக்க ஆளில்லை. அழகில் நான் முந்திவிடுவேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் அவர் மிச்ச மாவு இருந்த என் டப்பாவில் கைவிட்டு ஒரு கிள்ளு வாயில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சு இல்லாததால் திட்டவும் வழியில்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நடுவரம்மா இரண்டு மேஜை தள்ளிக் கரண்டியோடு நின்றிருந்தார்.

அக்கா கைப்பையைத் திறந்தார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த மெழுகுவத்தியில் ஒன்றை எடுத்து, என் பிள்ளையார் முன்னால் ஏற்றினார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேதக்கார டீச்சரே கும்புடுறாங்க!" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். செருப்புகள் கழன்றன. யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள், யாரோ அருகம்புல் வைத்தார்கள். ஒருவர் மூன்று தோப்புக்கரணம் போட்டார். நடுவரம்மா வந்து சேர்ந்தபோது கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சாமிய எப்படிங்க வெட்டுறது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். பிள்ளையார் போட்டியில் இல்லை, தரிசனத்துக்கு மட்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். பஸ்ஸைக் கடைசி சீட் வரை தின்றுவிட்டு அதற்கே முதல் பரிசு கொடுத்தார்கள்.

டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். என்ன சாமர்த்தியம், சாமி கும்பிட்டே என்னைக் கவிழ்த்துவிட்டாளே! காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மிச்ச மாவில் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டேன்.

உப்பு. நாக்கு மரத்துப்போகிற உப்பு. தண்ணீர் கொதித்தபோது போட்டதும் நினைவுக்கு வந்தது, பிசைந்தபோது போட்டதும் நினைவுக்கு வந்தது.

ஒரு வருடமாக ஏறாத படியில் ஏறி நின்றேன். அக்கா கேசரித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் பண்ணீங்களாக்கா?"

"போன வருசம் நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாதும்மா" என்றார் தட்டைப் பார்த்தபடியே. பிறகு நிமிர்ந்தார். "பிள்ளையார மண்டபத்துக் கெணத்துலயே கரைச்சுட்டாங்களாம். இனி அங்கயும் கடல்தான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஈரக் கையோடு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"மொதல்ல இதைக் குடி."