மூஞ்சிக்கு மார்க் கிடையாது

பிரேசர் டவுனில் நான் கேஷியராக இருந்த பாரில் அவன் பவுன்சர். வாசலையே அடைக்கிற உடம்பு. பர்ஸ் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பவர்களைப் போல, நின்ற இடத்தில் தன் புஜத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். மாநில ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், ஒரு குடிகாரன் பீர் பாட்டிலை மேஜையில் அடித்து உடைத்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்தான். அவன் தடுக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை நீட்டினான். கன்னம் கிழிந்து தொங்கியது. அடுத்த நொடி நெற்றியால் ஒரே இடி. குடிகாரனின் மூக்கு உடைந்த சத்தம் கல்லாவரைக்கும் கேட்டது.

துண்டை அவன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டே, "லூசாடா நீ? கைய ஏன் தூக்கல?" என்று கத்தினேன்.

"மூஞ்சிக்கு மார்க் கிடையாதுண்ணா. கையில வெட்டு விழுந்தா எல்லாம் போச்சு. ஜெயிச்சிட்டா லிங்கராஜபுரத்துல சொந்தமா ஜிம் போட்டுடுவேன். அப்புறம் இந்த அடிதடியே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போனேன். கன்னத்தில் தையலோடு, எண்ணெய் மினுங்க, மேடையில் கைகளை உயர்த்தி முறுக்கி நின்றான். சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பதை அந்தப் படுபாவி என்னிடம் சொல்லவே இல்லை. சிரித்தான். தையல் பிரிந்தது. ரத்தம் தாடையில் இறங்கி மார்பில் சொட்டியது. கூட்டம் விசிலடித்தது. அவன் கையையும் இறக்கவில்லை, சிரிப்பையும் நிறுத்தவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.