வீங்கிய விரலுக்குக் கிடைத்த மரியாதை

முதலில் வீங்கியது என் வலது கை நடுவிரல். நான் சந்தோஷப்பட்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பாளராக இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ரந்தாவ் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் கயிறு கட்டி ஏறுகிற ஏழெட்டுப் பேரோடு இருப்பேன். முப்பத்தாறு வயதுவரை எந்தக் கூட்டத்திலும் ஓரமாக நின்றவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனால் "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்பார்கள். பாறையடியில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மேலே ஏறுகிறவரின் கயிற்றை என் கையில் கொடுத்து, "புடிச்சிக்க" என்றார்கள். என்னை நம்பி ஓர் உயிரைக் கொடுத்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் விரல் வீங்கினால் தனி மரியாதை. ஒழுங்காக ஏறுகிறாள் என்று பொருள். என்னோடு ஜோடியாக ஏறும் மாலா விரலைத் தொட்டுப் பார்த்து, "இப்பதான் நீ எங்க ஆளு லா!" என்று அவளே டேப் சுற்றிவிட்டாள். பிறகு இரண்டு கைகளிலுமாக இன்னும் மூன்று விரல்கள் வீங்கின. மறுபடியும் டேப். காலையில் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அதையும் பெருமையாக நினைத்த முட்டாள் நான்.

எட்டு மாதம் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனேன்.

"ஏம்மா இவ்வளவு நாளா வரல?" என்றார் டாக்டர்.

"பாறை ஏறுறவங்களுக்கு விரல் வீங்கும் டாக்டர்."

"ரெண்டு கையும் ஒரே மாதிரியா வீங்கும்?"

முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார். வாரம் ஒரு முறை மாத்திரை. அதைப் போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டும். சனிக்கிழமை கெடக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொண்டேன். மருந்து வேலை செய்ய மாதக்கணக்காகும், அதுவரை பாறை வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கயிற்றை வாங்கிக்கொள்வார்களே.

மாத்திரை தொடங்கிய பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை, கயிறு என் கையில் இருந்தபோது, மாலா மேலே வழுக்கினாள். என் விரல்கள் மடங்கவில்லை. கயிறு கையை விட்டு ஓடியது. பக்கத்தில் நின்ற எங்கள் கூட்டத்து ராஜன் பாய்ந்து பிடித்தும், அவள் தரையில் மோதிக் கணுக்கால் உடைந்தது.

கட்டுப்போட்ட காலோடு கேட்டாள், "ஒன் கை இப்படி மடங்காதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கயித்தக் குடுக்க மாட்டீங்களே."

அவள் திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களே, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். என் கையை நோய் கெடுத்தது. மற்றதையெல்லாம் நானே கெடுத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. மாலாவின் கால் கூடிவிட்டது, மறுபடி ஏறுகிறாள். "சும்மா வந்து ஒக்காரு" என்று ராஜன் கூப்பிடுவான். போகிறேன். தண்ணீர் கொடுப்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். ஏறும் முன் இடுப்பு முடிச்சை அடுத்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். மாலா என்னைத் தாண்டிப்போய் ராஜனிடம் காட்டுகிறாள்.

மருந்து வேலை செய்துவிட்டது. இப்போதெல்லாம் எழுந்து கால் மணி நேரத்தில் இரண்டு கைகளும் முழுதாக மடங்குகின்றன. கயிறு பிடிக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்பனை நிழலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.