மூதூர் லோஞ்சுக்குச் சேதி சொன்னவர்

விடிந்து சற்று நேரத்தில் திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டுப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. உதுமான் காக்காவின் மூத்த மகன் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றான். "மாமா, வாப்பா மௌத்தாப் போயிட்டார். சுபஹுத் தொழுகைக்கு உம்மா எழுப்பிப் பாத்தா, எழும்பேல்ல" என்றான். நான் அவனை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவன் இன்னொன்றும் சொன்னான். "தன்னை மூதூர்லதான் அடக்கோணும் எண்டு உம்மாட்டச் சொல்லி வைச்சிரிக்கார். காலமை லோஞ்ச்ல பள்ளிவாசலுக்கு ஆளனுப்பியாச்சு."

சாவுச் செய்தியைவிட இந்தச் செய்திதான் என்னைக் கலக்கியது. ஒரு கால்பந்து ஆட்டத்தின் காரணமாகப் பத்துப் பதினைந்து வருடங்களாக மூதூர் மண்ணை மிதிக்காத மனிதர் அவர். அங்கே தன்னை யாரும் முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தார். அந்த ஊர் இறங்குதுறையில் அவருடைய உடலை வாங்கத் தோள் கொடுக்க நாலு பேராவது வருவார்களா? அன்று பகல் முழுவதும் எனக்கு இருந்த பயம் இதுதான்.

உதுமான் காக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. துறைமுகப் பண்டகசாலையில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வேலையில் கெட்டிக்காரர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். திங்கட்கிழமை காலையில் மூடைகளைப் பற்றிப் பேச வேண்டிய மனிதர் பத்து மணிவரை கோல்களைப் பற்றித்தான் பேசுவார். மூதூரில் பிறந்து, எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்ததும் மனைவி வீட்டுக்கு வந்து திருகோணமலைக்காரரானவர். ஆனால் நகரத்து அணிக்கு ஒருநாளும் கைதட்டியதில்லை. "கலியாணம் முடிச்சா ஆம்பிளைக்கு வீடு மாறும். டீம் மாறாது" என்பார். நான் நகர அணியின் ஆள். அப்படியிருந்தும் இருவரும் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்போம். ஒரு கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்டே ஒருவர் அணியை மற்றவர் திட்டுவோம்.

அந்தக் காலத்தில் மூதூர்க்காரர் பந்தாட்டம் பார்க்க வருவதே ஒரு பெரும்பாடு. குடாவின் அந்தக் கரையிலிருந்து மத்தியான லோஞ்சில், அந்த இயந்திரப் படகில், சோற்றுப் பார்சலோடு வந்து இறங்குவார்கள். பின்னேரம் கடைசி லோஞ்ச் புறப்படும்போது ஆட்டம் முடிந்திருக்காது. தரை வழியாகப் போவதென்றால் ஆறுகளையும் களப்புகளையும் கடக்க வேண்டும், இருட்டினால் அதுவும் இல்லை. ஆகவே இரண்டாவது பாதி நடந்துகொண்டிருக்கும்போதே மூதூர்க் கூட்டம் மொத்தமாக எழும்பும். திரும்பித் திரும்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் நகரத்துக் குசும்பர்கள் சும்மா இருப்பார்களா? நேரம் இருக்கும்போதே வாயால் லோஞ்ச் ஹோர்ன் அடித்துக் காட்டி அவர்களைப் பதற வைப்பார்கள்.

கூட்டம் போனபின் அந்தப் பக்கத்தில் மூதூருக்கென்று மிஞ்சுவது உதுமான் காக்கா ஒருவர்தான். அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் கத்த வேண்டும். கடைசி விசில் ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்துறைமுகக் கரைக்குப் பறப்பார். அங்கே கருங்கல் அணை ஒன்று தண்ணீருக்குள் நீண்டிருக்கும். லோஞ்ச் ஓட்டுகிறவரும் மூதூர்க்காரர் என்பதால் அந்த இடத்துக்கு நேரே இயந்திரத்தைத் தணித்துக்கொண்டு மெல்லப் போவார். மூதூர் வென்றிருந்தால் காக்கா பச்சைத் துவாய் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பார். லோஞ்ச் ஹோர்ன் அடிக்கும். அந்தச் சத்தம் நகரத்துக்குள்ளும் கேட்கும். தோற்றிருந்தால் வெறுங்கையோடு நிற்பார்.

அந்த வெறுங்கையை நான் ஒருமுறை கூடவே நின்று பார்த்தேன். அன்று எங்கள் அணி மூதூரைப் போட்டு அடித்திருந்தது. மழை வேறு. என் கூட்டாளிகள் பாட்டும் கூத்துமாகப் போக, நான் காக்காவின் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். "இதுக்கு ஏன் போறீங்க? நீங்க நிக்காட்டித் தோல்வி எண்டு அவங்களுக்கு விளங்கும்தானே" என்று கேட்டேன்.

"விளங்காது. காக்காட சைக்கிள் காத்துப் போச்சோ, மெச் இன்னும் முடியேல்லையோ எண்டு வழியெல்லாம் ஒண்டை நினைச்சுக்கொண்டு போவாங்க. தோத்த சேதியும் சேதிதான், செல்வம். அதையும் ஆராவது நிண்டு சொல்லோணும்."

மழையில் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். லோஞ்ச் மெல்லக் கடந்தது. ஹோர்ன் இல்லை. பின்பக்கத்தில் இருந்த ஒருவர் மட்டும் கையை உயர்த்தி இறக்கினார். லோஞ்ச் கண்ணுக்கு மறையும்வரை காக்கா அசையவில்லை. வென்ற அணியின் ஆளாக இருந்தும் நானும் அவரோடு நனைந்துகொண்டு நின்றேன்.

பிறகு அந்த வருடம் வந்தது. மூதூர் முதல்தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்தது, எங்கள் அணிக்கு எதிராக. லோஞ்ச் கொள்ளாமல் வள்ளங்களிலும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது பாதியில் மூதூர் ஒரு கோல் போட்டதும் உதுமான் காக்கா என்னைத் தூக்கியே விட்டார். அன்று காற்றுக் கிளம்பியிருந்ததால் லோஞ்ச் வழமையைவிட முந்திப் புறப்படும் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் வழக்கம்போல எழும்பி ஓடியது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. காக்கா பந்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார். விசில் ஊதும்வரை இருந்தால் லோஞ்ச் அணையைத் தாண்டிப் போய்விடும். வாழ்நாளில் முதல் கிண்ணம், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஊரே கடலில் போகும். அவர் எழும்பினார்.

"பொறுங்க காக்கா. விசில் ஊதட்டும்" என்று கையைப் பிடித்தேன்.

"இனி என்ன இரிக்கு? முடிஞ்சுது. உங்கட ஆக்களுக்கு மூச்சே இல்லை" என்று சிரித்துக்கொண்டு கையை உருவிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் ஹோர்ன் கேட்டது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, நிறுத்தாமல் அடித்தார்கள். அது ஓய்வதற்குள் எங்கள் அணி கோல் போட்டுவிட்டது. அதன்பின் மேலதிக நேரம் கொடுத்தார்கள். அதில் இன்னொரு கோலும் போட்டு நாங்கள் கிண்ணத்தை எடுத்தோம். என்னைச் சுற்றி எல்லோரும் துள்ளினார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லோஞ்ச் கண்ணுக்கு மறையும்வரை அணையில் நின்றுவிட்டுக் காக்கா திரும்பி வந்தபோது பறையும் பட்டாசுமாக இருந்தது. பச்சைத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். பட்டாசு கொளுத்துகிறவர்கள் எங்கள் ஆட்கள் என்று கண்டதும் நடை குறைந்தது. என்னிடம் வந்து, "என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

மூதூருக்குச் சேதி சொல்ல அன்று பின்னேரம் வழி இல்லை. ஆடிய பொடியன்கள் நகரத்தில் தங்கி மறுநாள் காலை லோஞ்சில்தான் போவார்கள். அவர்களிடமாவது போய்ச் சொல்லுங்கள் என்றேன். "என்னெண்டு சொல்லுறது? ஊர் கொண்டாடிக்கொண்டு இரிக்கு, நீங்க தோத்துப்போய்ப் போங்க எண்டா?" என்று கேட்டார். அன்று அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு லிங்கநகர்வரை நடந்து வந்தார். படலையில் வைத்து, "என்ர ஊரை நானே பகிடியாக்கிப் போட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப்பின் அவர் அணையில் நிற்கவில்லை. மூதூர் ஆடும் நாட்களில் மைதானத்துக்கே வரமாட்டார். அவருடைய உம்மாவும் வாப்பாவும் முன்னரே காலமாகிவிட்டதால் அந்தப் பக்கம் போகாமலிருக்கச் சாக்கும் இருந்தது. மூதூரிலிருந்து இரண்டு மூன்று பேர் அவருடைய வீடு தேடி வந்தார்கள். ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் இருந்தார். நான் போய் அவர்களுடைய மனத்தை அறிந்து வரட்டுமா என்று கேட்டேன். "போனீங்க எண்டா என்னோட கதை இல்லை" என்றார். சொன்னால் செய்யக்கூடிய மனிதர்.

ஒருநாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். விற்ற ஆள் மூதூர். காக்காவை அடையாளம் கண்டு, "என்ன காக்கா, எங்கட கிண்ணம் எங்க?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதலும் இல்லை, நான் பார்த்தேன். காக்கா வாங்கிய மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு நடந்தார். பின்னால் ஓடிப்போய், "அவன் பகிடிக்குச் சொன்னவன்" என்றேன். "பகிடிதான் சுடும்" என்றார். நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்று அவருக்கு யார் சொல்வது? அலுவலகத்திலும் அவருடைய திங்கட்கிழமைக் கதைகள் நின்றுபோயின. அடுத்த மேசையில் ஆள் இருந்தும் நான் தனியே இருந்த வருடங்கள் அவை. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கண்ணுக்கு எதிரே தெரிகிற கரை, ஒரு லோஞ்ச் பயணம். அதற்கு இந்தப் பாடா?

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பின் காக்காவின் உடலை வைத்த சந்தூக்கை லோஞ்சில் ஏற்றினோம். கடல் அமைதியாக இருந்தது. வீட்டு ஆட்கள் சிலரும் நானும்தான். மகன் என் பக்கத்தில் வந்திருந்து, "மாமா, அங்க ஆராவது வருவாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டான். "வராம என்ன" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

இறங்குதுறை தெரியத் தொடங்கியபோது ஏதோ சந்தை கூடியிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போகத்தான் அத்தனையும் தொப்பி போட்ட தலைகள் என்று தெரிந்தது. கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. லோஞ்ச் கரை சேருமுன்னரே ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். வயதானவர்கள் இளைஞர்களைத் தள்ளிவிட்டுச் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார்கள். நானும் தோள் கொடுக்கலாம் என்று போனேன், எனக்கு இடம் கிடைக்கவில்லை. மகன் வாய்விட்டு அழுதான்.

அடக்கம் நடந்துகொண்டிருந்தபோது நான் மையவாடி வாசலில் நின்றேன். முடிந்தபின் கால் சற்று இழுத்து நடக்கிற ஒருவர் என்னிடம் வந்தார். அந்த இறுதியாட்டத்தில் மூதூருக்குக் கோல் காத்த நூகு. நரைத்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"நீங்கதானே அவரோட இருந்து மெச் பாக்கிற ஆள்? என்னைப் பத்தி அவர் என்ன சொன்னவர்?"

"உங்களைப் பத்தியா? ஒண்டும் சொல்லேல்லையே."

"ஏசேல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் மதிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"அண்டைக்கு ராவு இந்த ஊர்ல ஒருத்தரும் படுக்கேல்ல. பாச்சோறு ஆக்கி வீடு வீடாக் குடுத்தாங்களாம். சண்டை பிடிச்சுக் கதையில்லாம இருந்த ஆக்கள் எல்லாம் கட்டிப் பிடிச்சாங்களாம். நாங்க டீம் ஆக்கள் காலமைதான் வந்தம். இறங்கினா எல்லாற்ற கையிலயும் மாலை. தோத்துப் போனம் எண்டு கப்டன் சொன்னார். மாலை பிடிச்ச கையெல்லாம் கீழ இறங்கிச்சு. பிறகு ஒரு கிழவர் வந்து, கட்டின மாலையை என்ன செய்யிறது எண்டு சொல்லி என்ர கழுத்திலதான் முதல்ல போட்டார். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுக்குப் பிறகு நாங்க ஒரு ஃபைனலுக்கும் போகேல்ல. மூதூர் வெண்டது எண்டு இருந்தா அது அந்த ஒரு ராவுதான். அதைத் தந்தது அவர்."

இழுத்து நடக்கிற காலைத் தடவிவிட்டுத் தொடர்ந்தார்.

"அவர்ர வீட்டுக்கு நான் ரெண்டு தரம் வந்தனான். இல்லை எண்டு அனுப்பிட்டாங்க. அந்தக் கோலை விட்டவன் நான்தானே. அதுதான் என்ர முகத்தில முழிக்கேலாம இரிக்கார் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சன்."

உங்களுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டுத்தான் அவர் குசினிக்குள் இருந்தார் என்று சொன்னேன். நூகு என்னைப் பார்த்தார். "எங்களுக்கா?" என்றார். லோஞ்ச் புறப்படும்வரை என்னோடு வந்து நின்றார்.

திரும்பி வரும்போது லோஞ்சில் நான் தனியே ஒரு பலகையில் இருந்தேன். உதுமான் காக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை பல, அவருடைய சிரிப்பு, திட்டு, திங்கட்கிழமைகள். அவையெல்லாம் மெல்ல மங்கும். மங்காமல் என்னிடம் இருக்கப்போவது அன்று மூதூரில் வாங்கிக்கொண்டு வந்த சேதி ஒன்றுதான். அங்கே உங்களோடு ஒருவருக்கும் கோபம் இல்லை, காக்கா. அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆளை நாங்கள் அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.